முப்பத்தொரு ஞாயிறு

மே 19

சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். பெரிய தாள், பளபளவென்று லேமினேஷன். மேலே எங்கள் அச்சகத்தின் சின்னம். அதன் கீழே நாற்பத்திரண்டு ஷார்ட்கட் கீ, எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று இரண்டு பத்தியாக. அடியில் ஒரு வரி: உருவாக்கம் – பிரேம்ராஜ், கம்போசிங் பிரிவுப் பொறுப்பாளர்.

நாற்பத்திரண்டும் என்னுடையவை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, திரும்ப மூடிவிட்டேன். எங்காவது எழுதாமல் விட்டால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால்தான் இந்த டைரி. பைண்டிங்கில் பிசகி, மார்ச் இரண்டு தடவை வந்து, ஜூன் வராமலே போன டைரி. கழிவில் போட்டிருந்ததை எடுத்து வைத்திருந்தேன். தேதியை நானே எழுதிக்கொள்கிறேன்.

மே 20

முழுதாக எழுதி வைத்துவிடுகிறேன். நான் கதை கட்டுகிறேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

பெயர் சீனியம்மாள். வயது நாற்பத்து மூன்று. சிவகாசியில் இந்தக் காலண்டர் அச்சகத்தில் பதினேழு வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். தினசரி காலண்டர்தான் எங்கள் முக்கிய வேலை. வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து தாள். ஒவ்வொன்றிலும் தேதி, நட்சத்திரம், ராகு காலம், அது மேல்நோக்கு நாளா, கீழ்நோக்கு நாளா, சமநோக்கு நாளா என்று காட்டும் அம்புக்குறி. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன் திருத்தங்கல் சாலையில் ஸ்கூட்டியோடு விழுந்தேன். வலது மணிக்கட்டுக்குள் பிளேட் வைத்தார்கள். அரைமணி நேரம் மவுஸ் பிடித்தால் கை பன்னாக வீங்கிவிடும். எனக்கு வேறு வேலை தெரியாது. அப்போதுதான் கீபோர்டு பக்கம் போனேன்.

நாங்கள் வேலை செய்யும் லேஅவுட் மென்பொருளில் ஷார்ட்கட் கீக்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அதில் உட்கார்ந்து எல்லா வேலையையும் இடது கைக்குக் கொண்டுவந்தேன். எஃப்-2 மேல்நோக்கு அம்பு. எஃப்-3 கீழ்நோக்கு. எஃப்-4 சமநோக்கு. எஃப்-5 ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு. எஃப்-6 அழுத்தினால், செய்த தப்பு ஒரு படி பின்னால் போகும். இப்படி நாற்பத்திரண்டு. இந்தத் தொகுப்புக்கு ஒரு பெயர் கொடு என்று மென்பொருள் கேட்டது. சீனி செட் என்று கொடுத்தேன்.

முதல் நாலு கீ மட்டும் குர்ஷித் போட்டது. பக்கத்து சீட்டில் இருந்தவள். நான் கைக்கட்டோடு வந்து முழித்தபோது அவள்தான் அந்த மெனுவைத் திறந்து காட்டினாள். அப்புறம் கணவரோடு சொந்தமாகக் கம்போசிங் சென்டர் வைத்துப் போய்விட்டாள். நாலே நாலு. அதெல்லாம் கணக்கில் சேராது.

இந்த பிரேம்ராஜ் பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்தான். முப்பத்து நாலு வயது, பட்டப்படிப்பு, வாயைத் திறந்தால் அக்கா. ஏப்ரலில் இரண்டு நாள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மவுஸே தொடாமல் எப்படி இவ்வளவு வேகம் என்று வாய் பிளந்து கேட்டான். எனக்கும் தலை கால் புரியவில்லை. செட்டை பென் டிரைவில் போட்டு நானே கொடுத்தேன். நானே கொடுத்தேன் என்பதுதான் எரிகிறது.

நேரில் அவனை நீங்க, தம்பி என்றுதான் பேசுகிறேன். இந்த டைரியில் அந்த மரியாதை கிடையாது.

மே 24

முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பர் மில்காரரோடு போனில் இருந்தார். இருபது நிமிடம் நின்றேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யாரு செஞ்சா என்னம்மா? வீட்டுல ஆக்குனது யாருன்னு கேட்டுட்டா சாப்பிடுதோம்? ருசியா இருக்கா, அவ்வளவுதான்."

அண்ணாச்சி வீட்டில் ஆக்குவது யாரென்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

வெளியே வந்தபோது பிரேம்ராஜ் எதிரே வந்து, "என்னக்கா, அண்ணாச்சிகிட்ட ஏதும் வேலையா?" என்றான். சும்மாதான் தம்பி என்றேன்.

மே 25

தண்ணீர் வந்தது. பதினோரு நாளைக்கு அப்புறம். எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். கை வலி.

ஜூன் 2 (இது இரண்டாவது மார்ச்சில் எழுதுகிறேன்)

பக்கத்து சீட் மாரீஸ்வரி சார்ட்டை போனில் படம் எடுத்து, சின்னதாகப் பிரிண்ட் போட்டு மானிட்டருக்கு அடியில் ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கீக்கும் ஒரு தடவை குனிந்து பார்க்கிறாள். இது உங்க கீ தானே அக்கா, சண்டை போட வேண்டியதுதானே என்கிறாள். சண்டை போட்டால் ஒரு நாள்தான் பேசுவார்கள்.

நான் வேறு ஒன்று செய்கிறேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் மேஜை என் வலது பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். எந்தக் கீயை எப்போது அழுத்துகிறான், தப்பு வந்தால் விரல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் போதும்.

ஜூன் 6

அவன் கீயே அழுத்துவதில்லை.

நாலு நாளாகப் பார்த்துவிட்டேன். எல்லாமே மவுஸ்தான். மெனுவைத் திறக்கிறான், கீழே இறங்குகிறான், கிளிக் செய்கிறான். காப்பி, பேஸ்ட்டுக்குக்கூட மவுஸ். நாற்பத்திரண்டு கீக்கு அப்பன் என்று சுவரில் பெயர் போட்டுக்கொண்டவனுக்கு ஒரு கீ தெரியாது. இன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூன் 17

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆஃப்செட் மெஷினில் இருக்கிறவர், சத்தத்திலேயே இருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர். விட்டுத் தள்ளு என்றார். இரண்டாவது தோசைக்கும் அதையே சொன்னார்.

ஜூன் 30

இன்று அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார். ஆடிப்பெருக்கு அன்று வழக்கம்போலப் பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிடுகிறோம். எல்லா ஊர் ஏஜென்ட்டுகளும் வருவார்கள். இந்தத் தடவை ஒரு புதுமை. பெரிய திரை கட்டி, ஏஜென்ட்டுகள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஜனவரி மாதம் முப்பத்தொரு தாளையும் குறி போட்டு முடித்துக் காட்டப் போகிறோம். "நம்ம வேகம் என்னான்னு ஊருக்கே தெரியணும்" என்றார். செய்து காட்டப் போவது யார்? உருவாக்கியவர்தான்.

பிரேம்ராஜ் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஜூலை 8

அக்கா, பன்னிரண்டு கீ மட்டும் கத்துக்குடுங்க போதும் என்று வந்து நிற்கிறான். கூச்சமே இல்லை. முகத்துக்கு நேரே உதறிவிட்டிருக்கலாம். இல்லை, தாராளமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம். விரலை எங்கே வைக்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது என்பது வரைக்கும். மாரீஸ்வரி என்னைக் கிறுக்கச்சி மாதிரி பார்க்கிறாள்.

சொல்லிக் கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது, எஃப்-6-உம் இன்னொன்றும்கூட குர்ஷித் போட்டவைதான். ஆக ஆறு கீ. சரி, ஆறு.

ஜூலை 15

இன்று பிடிபட்டது.

அவன் ஒரு தாளில் தப்புச் செய்தான். எஃப்-2-ஐ வேறு வரியில் அழுத்திவிட்டான். உடனே விரல் எஃப்-6-க்குப் போனது, பின்னால் போக. அடுத்த நொடி திரும்ப எஃப்-2. நான் கற்றுக் கொடுத்தபடியே. இரண்டு, ஆறு, இரண்டு. யோசிக்காமல் வருகிற மூன்று தட்டு.

எஃப்-2-இல் மேல்நோக்கு அம்புக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பை வைத்தால்? ஒரு தாளில் ஒரு வரி சிவப்பாகும். பதறிப்போய் எஃப்-6 அழுத்துவான். அதில் பின்னால் போவதற்குப் பதிலாக "எல்லாவற்றையும் தேர்ந்தெடு" என்ற கட்டளையை வைத்தால்? முப்பத்தொரு தாளும் ஒரே தொடர் எழுத்துதான், மொத்தமும் தேர்வாகும். அடுத்து எஃப்-2. முப்பத்தொரு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். பெரிய திரையில், அத்தனை ஏஜென்ட்டுக்கும் முன்னால். பின்னால் போகிற கட்டளையை எந்தக் கீயிலும் வைக்கக் கூடாது. திரும்பத் திரும்ப எஃப்-6 அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டு கீ மாற்றினால் போதும். மூன்றாவதாக எஃப்-5-இல் கீழ்நோக்கு அம்பை வைக்கிறேன், நிஜமான ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குச் சிவப்பாகக் கூடாது.

கை வலியே தெரியவில்லை இன்று.

ஜூலை 21

பிரேம்ராஜ் எனக்கு மணிக்கட்டுப் பட்டை ஒன்று வரவழைத்துக் கொடுத்தான். நல்ல பட்டைதான், உள்ளே கம்பி வைத்தது. எவ்வளவு என்று கேட்டால் சொல்லவில்லை. மனச்சாட்சி உறுத்துகிறது போல. உறுத்தட்டும்.

போட்டுப் பார்த்தேன். வீக்கம் குறைகிறது. அதனால் ஒன்றும் மாறிவிடாது.

ஜூலை 29

ஏஜென்ட் கடிதங்களுக்கு முகவரி ஒட்டினோம். நூற்று எண்பது. பக்கத்து அச்சகங்களுக்கும் கம்போசிங் சென்டர்களுக்கும் அழைப்பு. குர்ஷித் கணவர் பெயரும் இருந்தது. அந்த உறையை நான்தான் ஒட்டினேன்.

அவள் வந்தால் சார்ட்டைப் பார்ப்பாள். அவள் போட்ட கீ எது எது என்று எண்ணிப் பார்த்தேன். எட்டு வரை வந்து நிறுத்திவிட்டேன். வேலை கிடக்கிறது.

ஆகஸ்ட் 1

லேப்டாப் வந்துவிட்டது. மேடையில் இதில்தான் செய்யப் போகிறான். அக்கா நீங்களே செட்டை ஏற்றிக் கொடுங்கள், எனக்கு எதையாவது சொதப்பிவிடுவேனோ என்று பயம் என்றான். ஏற்றிக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லாத சுத்தமான செட். அவன் நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். நாலு தடவையும் மூன்று நிமிடத்துக்குள் முடித்தான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மாத்திரை போட வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டேன். லேப்டாப்பைத் திறந்து ஷார்ட்கட் பெட்டிக்குள் போய் மூன்று கீயையும் மாற்ற நாலு நிமிடம்கூட ஆகவில்லை. சேமித்தேன். மூடினேன். டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

சாயங்காலம் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பானோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பார்க்கவில்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதோ பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று லேப்டாப்பை பிரிண்டர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ரொம்ப நேரம் வரவில்லை.

ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது என்னிடம் வந்தான்.

"அக்கா, உங்க இனிஷியல் என்ன?"

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான். நாளைக்கு நல்ல சேலையா கட்டிட்டு வாங்க."

இனிஷியல் ரா. சேலை எதற்கு என்று எனக்குத் தெரியும். காப்பித் தட்டு பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போக ஆள் வேண்டும். பதினேழு வருடத்தில் ஒன்பது ஆடிப்பெருக்குக்கு நான்தான் தட்டு பிடித்திருக்கிறேன்.

நாளைக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்பேன். அதுவும் நல்லதுதான். முன்வரிசையிலிருந்து பார்க்கலாம்.

ஆகஸ்ட் 3

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எழுதிவிட வேண்டும்.

பைண்டிங் ஷெட்டைக் கழுவி, கோலம் போட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். பூஜை முடிந்து அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். ஆல்பத்தைக் கும்பிட்டு முதல் ஏஜென்ட்டுக்குக் கொடுத்தார். நான் மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் காப்பித் தட்டோடு நின்றேன். மூன்றாவது வரிசையில் குர்ஷித் இருந்தாள். சதை போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிரேம்ராஜ் மைக்கைப் பிடித்தான். லேப்டாப் மேஜை மேல் தயாராக இருந்தது, திரையில் ஜனவரி ஒன்றாம் தேதித் தாள். இந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டரை மாதம்.

"இந்த நாப்பத்திரண்டு கீயையும் உருவாக்கினது நான் இல்லை" என்றான். "எங்க ரா. சீனியம்மாள் அக்கா. ஒரு கை முடியாம இருக்கும்போது இன்னொரு கைக்காக அவங்க செஞ்சது. அவங்க செட்டு, அவங்களே செஞ்சு காட்டுறதுதான் முறை. வாங்கக்கா."

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார். மாரீஸ்வரி என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, கண் கலங்க, போங்கக்கா போங்கக்கா என்று தள்ளினாள். நான் கேட்டது இதுதான். மே பத்தொன்பதிலிருந்து நான் கேட்டது இது ஒன்றுதான். என் பெயரை, இனிஷியலோடு, மைக்கில்.

நடந்து போய் உட்கார்ந்தேன்.

மூன்று கீ, எனக்கு ஞாபகம் இருந்தது. எஃப்-2, எஃப்-5, எஃப்-6. அந்த மூன்றையும் தொடாமல் மவுஸில் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து செட்டைச் சரிசெய்யலாமென்றால் திரை என் தலைக்கு மேல் எட்டடிக்கு இருக்கிறது, இருநூறு பேர் பார்க்கிறார்கள். முதல் தாள் சமநோக்கு, எஃப்-4. இரண்டாவது கீழ்நோக்கு. மூன்றாவது, மேல்நோக்கு. மவுஸைப் பிடித்து மெனுவுக்குப் போனேன். கூட்டத்தில் யாரோ, மவுஸ் இல்லாமன்னு சொன்னாங்களே என்றார். எனக்குக் காது சுட்டது. நாலாவது ஞாயிறு, அதுவும் மவுஸ். ஐந்து, ஆறு, ஏழு கீயிலேயே ஓடின. வேகம் வந்துவிட்டது. கூட்டமும் அடங்கிவிட்டது. வேகம் வந்தால் என் கை என்னைக் கேட்பதில்லை, ஒன்பது வருடமாகக் கேட்டதில்லை.

எட்டாம் தேதி மேல்நோக்கு. எஃப்-2. வரி சிவப்பானது. எஃப்-6. எஃப்-2. மூன்றும் சேர்ந்து ஒரு நொடி. நிறுத்து என்று நான் நினைத்தபோது கை முடித்துவிட்டது.

முப்பத்தொரு தாளும் சிவப்பு.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஷெட்டே சிரித்தது. நான் எஃப்-6 அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் மொத்த மாதமும் தேர்வாகித் தேர்வாகிக் காட்டியது. அண்ணாச்சி எழுந்து, "எங்க அக்காவுக்கு வருஷம் பூரா லீவு வேணுமாம்" என்றார். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஏஜென்ட்டுகள் இன்னும் சிரித்தார்கள்.

பிரேம்ராஜ் பக்கத்தில் வந்தான். "பதட்டத்துல கை தவறிடுச்சு. பரவால்லக்கா, எந்திரிங்க" என்று மைக்கிலேயே சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். நான் எழுந்ததும் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். மெனுவைத் திறந்து, இறங்கி, பின்னால் போகிற கட்டளையில் இரண்டு கிளிக். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மிச்ச இருபத்துநாலு தாளையும் மவுஸிலேயே நிதானமாக முடித்தான். காப்பி ஆறிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கை தட்டினார்கள்.

வாசலில் குர்ஷித் நின்றாள்.

"நான் போட்ட பதினொரு கீயில பத்து நல்லா ஓடுச்சு சீனி" என்றாள். "எஃப்-6 மட்டும் என்னாச்சுன்னு தெரியலை."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

பதினொன்று என்று அவளுக்கு எப்படி இவ்வளவு வருடம் கழித்து ஞாபகம் இருக்கிறது?

ஆகஸ்ட் 4

லீவு.

ஆகஸ்ட் 6

வருகிறவர்களுக்குக் கொடுத்த தாள் ஒன்று பைண்டிங் ஷெட்டில் மிதிபட்டுக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கீ பட்டியல். எஃப்-2 மேல்நோக்கு, எஃப்-5 சிவப்பு, எஃப்-6 பின்னால் என்று எல்லாம் சுவரில் இருக்கிற மாதிரியே சரியாக இருந்தது. லேப்டாப்பிலிருந்து எடுத்திருந்தால் இப்படி வந்திருக்காதே.

மத்தியானம் என் மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே வேறொரு தாள், மடிக்காமல், முகம் மேலே பார்க்க வைத்திருந்தது. செட்டில் இருக்கும் எல்லாக் கீயையும் வரிசையாகக் காட்டச் சொன்னால் மென்பொருள் ஒரு பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலின் பிரிண்ட். அதில் மூன்று வரியைச் சுற்றிப் பென்சில் வட்டம். எஃப்-2. எஃப்-5. எஃப்-6. வேறு ஒன்றும் எழுதவில்லை.

தாளின் அடியில் பிரிண்டர் தானாகப் போடுகிற தேதியும் நேரமும் இருந்தன. ஆகஸ்ட் 2, மாலை 5.40.

ஆறு மணிக்குத்தான் இனிஷியல் கேட்டான்.

மூன்று கீயையும் அவன் சரிசெய்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. அப்படியே அண்ணாச்சியிடம் தாளைக் காட்டி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. நான் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லி, என்னையே கூப்பிட்டு உட்கார வைத்தான். நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லி வேறு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் மவுஸ் கிளிக் கேட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

ஆகஸ்ட் 8

சுவரில் புது சார்ட். அதே லேமினேஷன், அதே சின்னம். அடியில் இந்தத் தடவை பெரிய எழுத்து: உருவாக்கம் – ரா. சீனியம்மாள்.

ஆர்டர் கொடுக்க வருகிற ஏஜென்ட்டுகள் எல்லோரும் இந்த அறை வழியாகத்தான் அண்ணாச்சி அறைக்குப் போக வேண்டும். சார்ட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். பெயரைப் படிக்கிறார்கள். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர், இந்த வருசம் நமக்கு ஞாயிறு கொஞ்சம் குறைச்சுப் போடுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாரீஸ்வரி மட்டும், பேரு வந்துருச்சு பாத்தீங்களா அக்கா என்று சந்தோஷப்படுகிறாள்.

ஆகஸ்ட் 11

தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் நான் ஏன் பேசுவதில்லை என்று கேட்டார். அவர் கேட்பதே அதிசயம்.

ஆகஸ்ட் 12

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதில் பதினொரு கீ குர்ஷித் போட்டது. பெயர் போட்டால் இரண்டு பேர் பெயரையும் போடுவதுதான் நியாயம். சிரிக்கிறவர்களும் இரண்டு பெயரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

காலையில் முதல் வேலையாக அவன் மேஜைக்குப் போனேன். ஆகஸ்ட் மூன்றுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். அவன் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

"தம்பி, அந்தச் செட்டுல பதினொரு கீ குர்ஷித் பானு போட்டது. அந்தப் பேரையும் சேத்துப் போட்டுருங்க. நான் மட்டும்னு இருக்கிறது நல்லால்ல."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"அன்னைக்கு வாசல்ல அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சுக்கா. சார்ட்டு அடிக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன்" என்றான். "வேண்டாம்னுட்டாங்க. முழுசும் சீனியோடதுன்னே இருக்கட்டும்னாங்க."

சரி தம்பி என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். பிப்ரவரித் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறாம் தேதி மேல்நோக்கு. இடது கை கீபோர்டுக்கு மேலே போய் நின்றது. எந்தக் கீ என்று குனிந்து பார்த்துவிட்டு அழுத்தினேன்.